விட்ஜெட்: ஓர் இடுகுறிப்பெயரின் கதை

பொத்தான், எழுதுபெட்டி, உருள்பட்டை, தேர்வுப்பெட்டி. கணினித் திரையின் சாளரத்தில் இருக்கும் இவை எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல நிரலர்கள் வைத்திருக்கும் பொதுப்பெயர்தான் விட்ஜெட்.

சொல்லைப் பிரித்துப் பொருள் தேடினால் ஒன்றும் கிடைக்காது. 'காட்ஜெட்' திரிந்து வந்திருக்கலாம் என்கின்றன அகராதிகள். 1924-இல் அமெரிக்காவில் மேடையேறிய 'பெக்கர் ஆன் ஹார்ஸ்பேக்' என்ற நகைச்சுவை நாடகத்தில் ஒரு பணக்காரர் விட்ஜெட் தயாரிக்கிறார். அது என்ன பொருள் என்று யாருக்கும் விளங்காது, நகைச்சுவையே அதுதான். 1980-களில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் அதீனா என்ற கணினித் திட்டத்தில், திரையில் சாளரங்களைக் காட்டும் எக்ஸ் சாளர அமைப்புக்குக் கருவித்தொகுப்பு (பொத்தான் முதலியவற்றை ஆயத்தமாகத் தரும் நிரல்தொகுப்பு) எழுதியவர்கள் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். மற்ற சொற்கள் ஏற்கெனவே வேறு பொருள்களைச் சுமந்துகொண்டிருந்தன என்பதே அவர்கள் சொன்ன காரணம். நம் இலக்கணப்படி சொன்னால், தெரிந்தே வைத்த இடுகுறிப் பொதுப்பெயர்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'கருவி' டூலுக்குப் போய்விட்டது. விண்டோஸ்காரர்கள் 'கன்ட்ரோல்' என்பதால் 'கட்டுப்பாடு' என்று எழுதுகிறவர்கள் உண்டு. படித்தால் ஏதோ தடை உத்தரவு போல இருக்கிறது. என் ஓட்டு 'உறுப்பு'க்கு. எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை ஆகியவற்றைச் செய்யுளின் உறுப்புகள் என்கிறோமே, அதே பொருளில் இடைமுக உறுப்பு. பேச்சில் விட்ஜெட்டே இருக்கட்டும், குறையில்லை.

சரி, பொதுப்பெயர் ஆயிற்று. ஒரே படிவத்தில் மூன்று பொத்தான்கள் இருந்தால் எது எது? இங்கேதான் பலர் குழம்புவார்கள். பொத்தானின் மேல் தெரியும் 'சேமி' பயனருக்கான முகப்பு எழுத்து. நிரலுக்கான பெயர், அதாவது உட்பெயர், வேறு. முகப்பு எழுத்தை வைத்தே பொத்தானைத் தேடும்படி சோதனை நிரல் எழுதினால், இடைமுக மொழியை மாற்றிய அன்றே அது படுத்துவிடும்.

உட்பெயரிலும் இடுகுறி, காரணம் இரண்டும் உண்டு. சாளரங்களை வடிவமைக்க உதவும் கியூட்டி டிசைனர் என்ற மென்பொருளில் பொத்தான்களை இழுத்துப் போட்டால் 'புஷ்பட்டன்', 'புஷ்பட்டன்_2' என்று அதுவே பெயர் வைக்கும். ஆறு மாதம் கழித்து 'புஷ்பட்டன்_7' எது என்று எழுதியவருக்கே தெரியாது. போட்ட கையோடு 'சேமிபொத்தான்' என்று காரணப்பெயராக மாற்றிவிடுவது நல்லது.

டிகே (Tk) என்ற இன்னொரு கருவித்தொகுப்பின் முறை எனக்குப் பிடிக்கும். அங்கே பெயரே முகவரி: '.படிவம்.சேமி' என்றால் முதன்மைச் சாளரத்துக்குள் படிவம், அதற்குள் சேமி. வெறும் புள்ளி என்றால் முதன்மைச் சாளரமே. ஒரு விதி உண்டு: பெயரின் முதல் எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தாக இருக்கக் கூடாது, அது உறுப்பின் வகைப்பெயருக்கு ஒதுக்கப்பட்டது. தமிழில் பெயர் வைத்தால் அந்தத் தொல்லையும் இல்லை.