பூ மார்க்கெட்டில் பத்து மணி நேரம்: சிறுநீரகம் போடும் கணக்கு

“அம்மா மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் பூ விற்கிறார். விடியற்காலை நாலு மணிக்குப் போனால் மதியம் இரண்டு மணிவரை ஒரு டீ, கொஞ்சம் டிபன், அவ்வளவுதான். தண்ணீர் குடிப்பதே இல்லை. பாத்ரூம் போகவும் தோன்றவில்லை, உடம்பு பழகிவிட்டது என்கிறார். பக்கத்துக் கடை அண்ணன் இரண்டு பாட்டில் தண்ணீரைக் காலி செய்கிறார். உண்மையிலேயே உடம்பு பழகிவிடுமா?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

பழகாது. ஆனால் அந்த அம்மா செய்வது அறியாமையும் அல்ல. தண்ணீர் குடிக்காமல் இருந்தால் பத்து மணி நேரத்தை ஓட்டிவிடலாம் என்பது அனுபவத்தில் கண்டுபிடித்த துல்லியமான கணக்கு. மார்க்கெட்டில் மட்டுமல்ல, விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடைகளில் நிற்கும் பெண்களும், சித்திரைத் திருவிழா பந்தோபஸ்துக்கு வரும் பெண் காவலர்களும், மேலூர்ப் பக்கம் நடவுக்குப் போகிறவர்களும் போடும் கணக்கு இதுதான்.

சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டுகிறது என்பதைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ஒரு நாளில் வடிகட்டப்படும் திரவம் ஏறத்தாழ 180 லிட்டர். வெளியே வருவது ஒன்றரை லிட்டர்தான். மீதி அத்தனையும் திரும்ப ரத்தத்துக்கே போய்விடுகிறது. தண்ணீர் குறைவாகக் குடித்தால் அந்த ஒன்றரை லிட்டரை இன்னும் சுருக்க வேண்டும். இங்கேதான் ஒரு சிக்கல். உப்பை இறைக்கும் பம்புகள் நம் செல்களில் ஏராளம். தண்ணீரை நேரடியாக இறைக்கும் பம்பு எதுவும் இல்லை. தண்ணீர் உப்பின் பின்னால்தான் போகும். அப்படியானால் சிறுநீரைச் சுண்டவைக்க, அதைவிட உப்பான ஓர் இடம் சிறுநீரகத்துக்குள்ளேயே இருந்தாக வேண்டும்.

அந்த இடத்தை உருவாக்குவது ஹென்லே வளையம். சிறுநீரகத்தின் உள்பகுதிக்கு இறங்கி, அடியில் திரும்பி, மறுபடி மேலே ஏறும் மெல்லிய குழாய் அது. இறங்கும் பக்கத்தின் சுவர் தண்ணீரை வெளியே விடும். ஏறும் பக்கத்தின் தடித்த பகுதி உப்பை வெளியே இறைக்கும், ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீரையும் விடாது. ஏறும் பக்கம் உப்பை இறைத்ததும் சுற்றியுள்ள திசு உப்பாகிறது. உடனே இறங்கும் பக்கத்திலிருந்து தண்ணீர் கசிகிறது, உள்ளே மிஞ்சும் திரவம் முன்பைவிட உப்பாகிறது. அந்த உப்பான திரவம்தான் அடியில் திரும்பி ஏறும் பக்கத்துக்கு வருகிறது. இப்போது பம்பு தன் வேலையை முன்பைவிட உப்பான சரக்கிலிருந்து தொடங்குகிறது!

எந்த ஒரு மட்டத்தை எடுத்தாலும் அந்தப் பம்பால் ஏற்படுத்த முடிந்த வேறுபாடு சுமார் 200 மில்லிஆஸ்மோல்தான் (ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்பு போன்ற துகள்களை எண்ணும் அலகு இது). இரண்டு ஓட்டங்களும் எதிரெதிராக இருப்பதால் அந்தச் சின்ன வேறுபாடு படிப்படியாகக் கூடுகிறது. மேலே 300, கொஞ்சம் கீழே 500, இன்னும் கீழே 800, அடிமுனையில் 1200. இறுதி ஏற்றத்தில், புரதம் சிதைவதால் வரும் கழிவான யூரியாவுக்கும் பெரிய பங்கு உண்டு. வெர்னர் குன் என்ற வேதியியலாளர் 1942-இல் இதைக் கோட்பாடாகச் சொன்னபோது பலர் நம்பவில்லை. 1951-இல் அவரும் சகாக்களும் எலியின் சிறுநீரகத்தை உறையவைத்து, மெல்லிய சீவல்களாக்கி, பனி எங்கே முதலில் உருகுகிறது என்று நுண்ணோக்கியில் பார்த்தார்கள். உப்பு கூடிய பனி குறைந்த வெப்பநிலையிலேயே உருகும். கோட்பாடு சொன்னபடியே அடிமுனைப் பகுதி முதலில் உருகியது. எவ்வளவு எளிமையான, எவ்வளவு அழகான சோதனை!

இந்த உப்பான பகுதியின் நடுவேதான் சேகரிப்புக் குழாய்கள் சிறுநீரைக் கொண்டு இறங்குகின்றன. அவற்றின் சுவரில் தண்ணீர் கடக்கும் வழி உண்டா இல்லையா என்பதை முடிவு செய்வது வாசோபிரசின் என்ற ஹார்மோன். ரத்தம் ஒன்றிரண்டு சதவீதம் கெட்டிப்பட்டாலே மூளை இதைச் சுரக்கிறது. அடுத்த சில நிமிடங்களில் அக்வாபோரின் என்ற புரதங்கள் குழாய்ச் சுவருக்கு வந்து கண்மாய் மடை போலத் திறந்துகொள்கின்றன. ஓர் அக்வாபோரின் வழியே ஒரு நொடியில் சுமார் 300 கோடி நீர் மூலக்கூறுகள் கடக்கும். இதைக் கண்டறிந்த பீட்டர் அக்ரிக்கு 2003-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இனி அந்த அம்மாவின் கணக்கு. ஒரு நாள் உணவிலிருந்து வெளியேற வேண்டிய கழிவு சுமார் 600 மில்லிஆஸ்மோல். லிட்டருக்கு 1200 என்பதுதான் மனிதச் சிறுநீரகத்தின் உச்சம். 600-ஐ 1200-ஆல் வகுத்தால் அரை லிட்டர். தண்ணீரே குடிக்காவிட்டாலும் இந்த அரை லிட்டர் வெளியேறித்தான் ஆகும். 24 மணி நேரத்துக்கு அரை லிட்டர் என்றால் மணிக்கு 21 மில்லி, பத்து மணி நேரத்துக்கு 210 மில்லி. சிறுநீர்ப்பையில் 150 முதல் 200 மில்லி சேரும்போதுதான் முதலில் லேசாக முட்டும். 400, 500 வரை தாங்கும். ஆக, அவர் வீடு திரும்பும் நேரத்தில்தான் உடல் மெதுவாகக் கேட்கத் தொடங்குகிறது. ஒழுங்காகத் தண்ணீர் குடித்து நாளுக்கு ஒன்றரை லிட்டர் சிறுநீர் போகிறவருக்கு அதே பத்து மணி நேரத்தில் 600 மில்லிக்கு மேல் சேரும். அதைப் பெரும்பாலானவர்களால் அடக்கிவைக்க முடியாது. “பழகிவிட்டது” என்று அவர் சொல்வது இந்த 210-க்கும் 600-க்கும் உள்ள வித்தியாசத்தைத்தான்.

விலை வேறு இடத்தில் விழுகிறது. மே மாதத்தில் தகரக் கூரையின் கீழ் உட்கார்ந்திருந்தாலும் பத்து மணி நேரத்தில் ஒன்றரை லிட்டர் வியர்வை போகலாம். மூச்சும் சிறுநீரும் சேர்ந்தால் 2 லிட்டர். டீயும் டிபனும் தருவது அரை லிட்டர். துண்டு விழுவது ஒன்றரை லிட்டர். 50 கிலோ எடையில் இது 3 சதவீதம். 2 சதவீதத்திலேயே உழைக்கும் திறன் சரியத் தொடங்கிவிடும். தலைவலி, எரிச்சல், கணக்கில் தடுமாற்றம் எல்லாம் இதன் விளைவுகள்தாம். பெண் உடலில் கொழுப்புத் திசு கூடுதல், அதில் நீர் குறைவு. 50 கிலோ பெண்ணின் மொத்த உடல்நீர் சுமார் 25 லிட்டர். 65 கிலோ ஆணுக்கு 39 லிட்டர். அதே ஒன்றரை லிட்டர் அவருக்கு 6 சதவீத இழப்பு, பக்கத்துக் கடை அண்ணனுக்கு 4 கூட இல்லை. வயது ஏற ஏறச் சிறுநீரகத்தின் அந்த 1200 என்ற உச்சமும் இறங்கும்.

அடுத்தது கிருமி. பெண்ணின் சிறுநீர்த்தாரை (பையிலிருந்து சிறுநீர் வெளியேறும் குழாய்) 3 முதல் 4 சென்டிமீட்டர், ஆணுக்குச் சுமார் 20. குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவுக்கு அந்த 4 சென்டிமீட்டர் பெரிய தூரமில்லை. அதை வெளியே தள்ளும் முக்கியமான தற்காப்பு, அடிக்கடி சிறுநீர் கழிப்பது. அடிக்கடி தொற்று வந்த, தண்ணீர் குறைவாகக் குடிக்கும் 140 பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2018-இல் வெளியானது. நாளுக்கு ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தவர்களுக்கு ஓராண்டில் சராசரியாக 1.7 முறை தொற்று வந்தது. வழக்கம்போல் இருந்தவர்களுக்கு 3.2 முறை. கழிப்பறை அசுத்தமாக இருக்கிறதே என்று அரைகுறையாகக் குந்தி, உடலைத் தாங்கியபடி போவதும் சிக்கல்தான். இடுப்புத் தசை தளராததால் பை முழுதும் காலியாகாது, மிச்சத்தில் கிருமி பெருகும்.

நீர்க்கடுப்பு என்றதும் கால் பெருவிரல் நகத்தில் சுண்ணாம்பு தடவும் வழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. நகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குச் சுண்ணாம்பு போக வழியே இல்லை. கூடவே குடிக்கத் தரும் மோரும் இளநீரும்தான் கடுப்பைக் குறைக்கின்றன, பெயர் சுண்ணாம்புக்குப் போகிறது. வெறும் சூட்டுக்கடுப்பு தண்ணீர் குடித்ததும் சில மணி நேரத்தில் தணிந்துவிடும். தணியாமல், அடிக்கடி முட்டிக்கொண்டு சொட்டுச் சொட்டாகப் போனால் அது தொற்று. குளிர்காய்ச்சலும் விலாப்பக்க வலியும் சேர்ந்தால் கிருமி சிறுநீரகம்வரை ஏறிவிட்டது என்று பொருள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், சுண்ணாம்பில் இரண்டு நாளை இழக்கக் கூடாது.

திருநங்கைகளுக்கு இந்தக் கணக்கு இன்னும் இறுக்கமானது. ஹார்மோன் சிகிச்சையில் சிலருக்குத் தரப்படும் ஸ்பைரோனோலாக்டோன் சிறுநீரை அதிகமாக்கும் மருந்து. பிறப்புறுப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குச் சிறுநீர்த்தாரை குட்டையாகிவிடும். அடிக்கடி போக வேண்டிய தேவை கூடுகிறது, ஆனால் பெரும்பாலான பொதுக் கழிப்பறைகளில் இரண்டே வாசல்கள், இரண்டிலும் முறைப்பு. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் எல்லா நீதிமன்ற வளாகங்களிலும் ஆண், பெண், மாற்றுத்திறனாளி, மூன்றாம் பாலினத்தவர் என எல்லோருக்கும் தனித்தனிக் கழிப்பறை கட்ட உத்தரவிட்டது. பேருந்து நிலையத்துக்கும் சந்தைக்கும் அதே நியாயம் பொருந்தும்.

பரப்பைச் சமமாகப் பிரித்துக் கட்டினால் போதும் என்று நினைப்பது தவறு. 12 ஆண்கள் நிற்கும் இடத்தில் பெண்களுக்கு 8 அறைகள்தான் அமையும் என்று வைத்துக்கொள்வோம். ஆணுக்கு 1 நிமிடம், பெண்ணுக்கு ஒன்றரை. மணிக்கு அங்கே 720 பேர், இங்கே 320 பேர். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் பெண்கள் பக்கம் மட்டும் வரிசை ஏன் நீள்கிறது என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது மிகச் சரியான முடிவு. 2021-இல் கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமை தந்த சட்டத் திருத்தமும் அப்படித்தான். ஆனால் கோடைதோறும் வரும் “நிறையத் தண்ணீர் குடியுங்கள்” என்ற அறிவுரை, குடித்த தண்ணீர் எங்கே போகும் என்பதைச் சொல்வதில்லை. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழு, வெப்பத்தையும் கழிப்பறை இல்லாமையையும் ஒரே பிரச்சினையாகச் சேர்த்துப் பெண் தொழிலாளர்களிடம் ஆராய்ந்து 2016-இல் எழுதியது. இப்படிப்பட்ட ஆய்வுக்குக் கோடிகள் தேவையில்லை. ஓர் அளவுக் குவளை, ஒரு நோட்டு, எடை பார்க்கும் இயந்திரம், பேசத் தெரிந்த இரண்டு களப்பணியாளர்கள் போதும். மதுரையின் மருத்துவ மாணவர்களுக்கு இதற்கு நிதி கொடுக்காமல் வேறு எதற்குக் கொடுப்பது?

அதுவரை அந்த அம்மா செய்யக்கூடியது இது. அரை லிட்டரை ஒரே மூச்சில் குடித்தால் வாசோபிரசின் தணிந்து, ஒன்றிரண்டு மணி நேரத்தில் கணிசமான பகுதி சிறுநீராக வந்துவிடும். அரை மணிக்கு ஒரு முறை 100, 150 மில்லியாகக் குடித்தால் அதில் பெரும்பங்கு வியர்வைக்கே செலவாகும். உப்புப் போட்ட நீர்மோர் வெறும் தண்ணீரைவிட உடலில் அதிக நேரம் தங்கும் (ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் உப்பைக் குறைக்க வேண்டும்). இப்படிக் குடித்தால் பத்து மணி நேரத்தில் இரண்டு முறை போக வேண்டியிருக்கலாம். அதற்கு நடந்து ஐந்து நிமிடத்துக்குள், உள்தாழ்ப்பாளும் விளக்கும் குழாயில் தண்ணீரும் உள்ள கழிப்பறை வேண்டும். பூ வியாபாரம் விடியுமுன்பே தொடங்கிவிடுவதால், அது அந்த நேரத்திலேயே திறந்திருக்கவும் வேண்டும்.