பாஸ்பரஸ் நார்மல்தான், அதற்கு எலும்பு படும் பாடு தெரியுமா?

போன வாரமும் அதே பேச்சு. அம்மாவுக்குப் பல வருடச் சர்க்கரை நோய், காலில் வீக்கம். "கிரியேட்டினின் 1.2, பாஸ்பரஸும் நார்மல். கிட்னி நல்லாத்தானே இருக்கு?" என்கிறார் மகன். கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு. 60 வயதுப் பெண்ணுக்கு அது 1.2 என்றால் சிறுநீரகம் வடிகட்டும் வேகம், அதாவது இஜிஎஃப்ஆர், சுமார் 50தான். சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் போகிறதா என்று யாரும் பார்த்ததே இல்லை.

தயவுசெய்து 'நார்மல்' என்ற சொல்லோடு நின்றுவிடாதீர்கள். ரத்தத்தில் பாஸ்பரஸ் நார்மலாக இருப்பதால் சிறுநீரகம் நலம் என்று ஆகிவிடாது. எலும்புச் செல்கள் எஃப்ஜிஎஃப்-23 என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. பாஸ்பரஸைச் சிறுநீரில் வெளியேற்றச் சொல்லிச் சிறுநீரகத்துக்கு உத்தரவிடுவது இதுதான். சிறுநீரகம் தளரத் தளர எலும்பு இதை இன்னும் அதிகமாகச் சுரந்து, மிச்சமிருக்கும் வடிகட்டிகளை விரட்டி வேலை வாங்குகிறது. ரிப்போர்ட்டில் எண் மாறாது. கடன் வாங்கி வீட்டுச் செலவைச் சமாளிப்பவரின் வீட்டிலும் அடுப்பு எரியத்தான் செய்யும். பெரும்பாலும் இஜிஎஃப்ஆர் 30க்குக் கீழே போன பிறகுதான் பாஸ்பரஸ் தெளிவாக ஏறும். ஹார்மோனோ அதற்கு வெகு முன்பே ஏறியிருக்கும்.

இந்தச் சமாளிப்புக்கு விலை உண்டு. செயல்படும் வைட்டமின் டி குறைகிறது, எலும்பிலிருந்து கால்சியத்தை உருவும் பாராதைராய்டு ஹார்மோன் ஏறுகிறது. டயாலிசிஸ் தொடங்கியவர்களில் எஃப்ஜிஎஃப்-23 மிக அதிகமாக இருந்தவர்களுக்கு முதல் ஆண்டில் இறப்பு அபாயம் கூடுதல் என்று 2008இல் ஓர் ஆய்வு வெளியானது. இதயத் தசையை அது நேரடியாகவே தடிக்கச் செய்யும் என்று 2011இல் எலிகளில் காட்டினார்கள். மனிதர்களிலும் அதுவேதான் காரணமா, வெறும் அடையாளமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

உடனே லேபுக்கு ஓடி எஃப்ஜிஎஃப்-23 டெஸ்ட்டை எடுக்காதீர்கள். அந்த எண்ணை வைத்துச் சிறுநீரக நோய்க்கு மருத்துவர்களாகிய நாங்கள் சிகிச்சையை முடிவு செய்வதில்லை. வைட்டமின் டி கொடுத்தும் சரியாகாத ரிக்கெட்ஸ் (குழந்தைகளுக்கு எலும்பு மெலிந்து வளையும் நோய்), பாஸ்பரஸ் குறைந்து எலும்பு வலியோடு வரும் சில பெரியவர்கள், இவர்களுக்குத்தான் அது உண்மையில் தேவை. (இரும்புச் சத்து ஊசிகளில் ஒரு வகையும் இந்த ஹார்மோனை ஏற்றிப் பாஸ்பரஸைக் குறைக்கும். ஊசிக்குப் பின் சோர்வும் எலும்பு வலியும் கூடினால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.)

உங்களுக்கு வேண்டியது சாதாரண டெஸ்ட்தான். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால் வருடம் ஒரு முறை சிறுநீரில் அல்புமின்–கிரியேட்டினின் விகிதம், ரத்தத்தில் இஜிஎஃப்ஆர். விகிதம் 30ஐ (mg/g) தாண்டி மூன்று மாதம் நீடித்தால் சிறுநீரகத்தில் பாதிப்பு இருக்கிறது என்று பொருள், கிரியேட்டினின் எதைச் சொன்னாலும் சரி. மெடிக்கல் கடையில், சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய வலி மாத்திரையை நீங்களாகவே வாங்கி விழுங்காதீர்கள்.

அப்புறம் சாப்பாடு. பாஸ்பரஸுக்குப் பயந்து பருப்பை ஒதுக்கிவிட்டுக் கோலா குடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குத் தாங்கவில்லை. பருப்பிலுள்ள பாஸ்பரஸில் ஒரு பகுதிதான் உடலில் சேரும். பாக்கெட் உணவில் கலக்கும் பாஸ்பேட் உப்போ பெரும்பகுதி சேர்ந்துவிடும். லேபிளில் 338 முதல் 341 வரை, 450 முதல் 452 வரை உள்ள எண்களைத் தேடுங்கள். இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். பருப்பு எவ்வளவு சாப்பிடலாம் என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.