கடலுக்க இஞ்சின் நிண்டா உடன எல்லாத்தையும் களட்டாதேங்கோ (ட்ரெயிலர் சில்லையும் ஒருக்கா தொட்டுப் பாருங்கோ)

முந்தநாள் விடிய அஞ்சரை இருக்கும், போன் அடிக்குது. மண்டைதீவுக்கு அங்கால நிண்டு ஒரு பெடியன். "அண்ணை இஞ்சின் பத்து நிமிஷம் நல்லா ஓடிச்சுது, பேந்து இழுத்து இழுத்து நிண்டிட்டுது, பிளக்கைக் களட்டிப் பாத்திட்டன், இப்ப காபரேட்டரைக் களட்டப் போறன்" எண்டான். தம்பி ஒண்டையும் தொடாத, டாங்கியில இருந்து வாற குழாயில ரப்பர் பந்து இருக்கெல்லோ, அது எப்பிடிக் கிடக்குது எண்டு கேட்டன். சப்பையா ஒட்டிப்போய்க் கிடக்குதாம். டாங்கி மூடியில இருக்கிற சின்னக் காத்துத் திருகை ரெண்டு சுத்துத் திருப்பு எண்டன். திருப்பின உடன காத்து உள்ள இழுபடுற சத்தம் எனக்கு போனிலயே கேட்டுது. அவ்வளவுதான் பழுது.

எண்ணெய் வெளியால போகப் போக அந்த இடத்துக்குக் காத்து உள்ள வரவேணும். திருகு மூடியிருந்தா டாங்கியே எண்ணெயைப் பிடிச்சு வைச்சிருக்கும், இஞ்சின் பசியில நிண்டிடும். நான் யாழ்ப்பாணம் குருநகர்ப் பக்கம் இருபது வருஷமா போட் இஞ்சின் திருத்துறன், கடலுக்க நிண்டு போன் எடுக்கிற ஆக்களில கனபேருக்கு இப்பிடிச் சின்னப் பிரச்சினைதான், ஆனா அதுக்குள்ள ஆடுற போட்டில நிண்டு காபரேட்டரைக் களட்டி ஒரு சின்னத் திருகாணியக் கடலுக்க விட்டிருப்பினம், பிறகு ஆரும் இழுத்துக்கொண்டு வந்தாத்தான் கரை. அதால இஞ்சின் நிண்டா முதல்ல இந்தக் காத்துத் திருகு, பிறகு பந்தை அமத்தி அது இறுகுதோ எண்டு பாருங்கோ (எவ்வளவு அமத்தியும் இறுகாட்டி எங்கேயோ காத்து இழுக்குது, இல்லாட்டி டாங்கி காலி), பிறகு சிவப்புக் கயிற்றுக் கிளிப் (இழுபட்டுக் கழண்டா இஞ்சினை நிப்பாட்டுறது) இடத்தில இருக்குதோ எண்டு பாருங்கோ.

அந்தச் சிவப்புக் கயிறைப் பற்றி ஒண்டு சொல்லத்தான் வேணும். கனபேர் அதைக் கையில கட்டுறேல்லை, கிளிப்பை நிரந்தரமா இஞ்சினிலயே பூட்டி விட்டிருக்கினம். தனிய தொழிலுக்குப் போற ஆள் தவறி விழுந்தா போட் ஓடிக்கொண்டே இருக்கும், சில வேளை வட்டமடிச்சுத் திரும்பி விழுந்த ஆளுக்கு மேலயே வரும், புரொப்பலர் கீழ சுத்திக்கொண்டு. தயவுசெய்து கட்டுங்கோ.

எண்ணெய்க்கு வருவம். 2022 ஓகஸ்ட்டில மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில இருந்து ஒரே இரவில 340 ஆச்சுது, அதுக்குப் பிறகு ஒரு துளியும் வீணாக்கேலாது எண்டு டாங்கி அடியில கிடக்கிற மிச்சத்தையும் திருப்பித் திருப்பி ஊத்துறதை நான் நிறையப் பாக்கிறன். ஏன் எண்டு விளங்குது, ஆனா அந்த அடி மிச்சத்திலதான் தண்ணி நிக்கும். ஒரு வெள்ளைப் போத்தலுக்க கொஞ்சம் எடுத்து அரைமணித்தியாலம் வைச்சுப் பாருங்கோ, தண்ணி இருந்தா கீழ தனியாப் பிரிஞ்சு நிக்கும். மற்றது, மண்ணெண்ணெயில ஓடுற இஞ்சினை மண்ணெண்ணெயிலயே நிப்பாட்டாதேங்கோ. கரைக்கு வர ஒரு அஞ்சு நிமிஷம் முந்தி பெற்றோலுக்கு மாத்தி ஓட்டினாத்தான் காபரேட்டருக்க பெற்றோல் நிக்கும், அடுத்தநாள் குளிர் இஞ்சின் ஒரே இழுவையில பிடிக்கும். பெற்றோலை மிச்சம் பிடிக்கிறன் எண்டு அப்பிடியே நிப்பாட்டினா விடிய முப்பது தரம் கயிறு இழுக்கவேணும்.

இஞ்சின் ஓடேக்க அதைக் குளிராக்கிற தண்ணி பின்னால மெல்லிசாப் பீச்சும் தானே, ஸ்டார்ட் பண்ணின உடன முதல் பாக்கவேண்டியது அதைத்தான். எங்கட கடல்நீரேரி ஆழமில்லை, வத்து நேரம் சேறும் சாதாளையும் பொலித்தீனும் கீழ்ப்பக்கத்துத் துவாரத்தை அடைச்சிடும். பீச்சுறது நிண்டா உடன இஞ்சினை நிப்பாட்டித் தூக்கித் துப்புரவாக்குங்கோ. இன்னொரு விசயம், மாரிக்கு ரெண்டு மாசம் கரையில கிடந்த இஞ்சினில அந்த பீச்சுற ஓட்டைக்குள்ள குளவி மண் வைச்சுக் கூடு கட்டியிருக்கும், நானே எத்தினை தரம் மெல்லிய கம்பியால குத்தி எடுத்திருக்கிறன். கம்பி விட்டும் தண்ணி வராட்டி உள்ள தண்ணியை மேல தள்ளுற ரப்பர் இம்பெல்லர் போயிட்டுது. அதை மாத்தேக்க ஒரு இதழ் உடைஞ்சிருந்தா அந்தத் துண்டைக் கட்டாயம் தேடி எடுக்கவேணும், விட்டா அது மேல போய்த் தண்ணிப் பாதையை அடைச்சு புது இம்பெல்லரோடயும் இஞ்சின் சூடாகும். இன்னொண்டு, தண்ணி இல்லாமல் கரையில வைச்சு "ஒருக்கா போட்டுப் பாப்பம்" எண்டு ஓட்டாதேங்கோ, ரப்பர் காய்ஞ்சு ஓடினாக் கருகிடும். ஒரு பீப்பாய்க்குள்ள தண்ணி நிரப்பி இறக்கி ஓட்டுங்கோ. எங்கட கரையோரக் கிணறெல்லாம் உவர்தானே எண்டு கேப்பீங்கள், பரவாயில்லை, கடல் தண்ணியோட பாக்கேக்க அது எவ்வளவோ மேல்.

கியர் ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில வந்தா உள்ள தண்ணி போயிருக்கு. அனேகமா தங்கூசி (நைலோன் நூல்) புரொப்பலருக்குப் பின்னால சுத்தி, தண்ணியை மறிக்கிற ரப்பர் சீல் வளையத்தை அறுத்திருக்கும். மாசத்துக்கு ஒருக்கா புரொப்பலரைக் களட்டிப் பாருங்கோ.

இனி ட்ரெயிலர். இதை ஒருத்தரும் கவனிக்கிறேல்லை, எனக்கு உண்மையாக் கவலை. போன வருஷம் ஒரு போட்டை குறிகட்டுவானுக்குக் கொண்டு போகேக்க நான் பின்னால மோட்டர்சைக்கிளில போறன், வேலணை தாண்டி புங்குடுதீவுப் பாலத்து ரோட்டில ஏறினாப் பிறகு இடப்பக்கச் சில்லு கொஞ்சம் சரிஞ்சு சுத்துற மாதிரித் தெரிஞ்சுது, பிறகு புகை. கத்திக் கையைக் காட்டி நிப்பாட்டினம். ரெண்டு பக்கமும் கடல், முன்னால பஸ் வருது. புதுப் பெயின்ற், புது ரயர், ஆனா சில்லின்ர நடுவில இருக்கிற ஹப் மூடியைத் தட்டிக் களட்டினா கிறீஸ் அதே பால்தேத்தண்ணி, பேரிங் உருளையள் கருநீலமாக் கருகி, கூடு துண்டு துண்டாக் கையோட வந்துது. இன்னொரு கிலோமீற்றர் போயிருந்தா சில்லு தனிய ஓடியிருக்கும்.

இது எங்கட இடத்தில கூட நடக்கிறதுக்குக் காரணம் இருக்கு. கரை சரிவு குறைவு, பெருக்கும் பெரிசா இல்லை, அதால போட் மிதக்குமட்டும் ட்ரெயிலரைக் கன தூரம் தண்ணிக்க தள்ளவேண்டிக் கிடக்கு, ஹப் முழுக்க அமிழுது. ஓடி வந்த ஹப் சூடா இருக்கும், உள்ள இருக்கிற காத்தும் சூடு, அப்பிடியே குளிர்ந்த தண்ணிக்க இறக்கினா காத்துச் சுருங்கி சீலுக்கால உப்புத்தண்ணியை உள்ள இழுக்கும். அதால கரைக்கு வந்தா உடன இறக்காதேங்கோ. இறங்கி ஹப்பைப் புறங்கையால தொட்டுப் பாருங்கோ. லேசான சூடு சரி, ஒரு இருபது நிமிஷம் ஆறவிட்டு இறக்குங்கோ. கை வைக்கேலாமல் சுட்டா அந்த ட்ரெயிலர் அண்டைக்குத் திரும்ப ஓடக்கூடாது. ஆள் இருந்தா போட்டைக் கையால தள்ளி இறக்குங்கோ, ஹப் நனையாமல் இருக்கும்.

வீட்டில ஜக் அடிச்சுச் சில்லைத் தூக்கி மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டினா தெரிஞ்சிடும், கடகட எண்டு ஆடினா பேரிங் தளர்வு, சுத்தேக்க கரகரத்தா உப்புப் பிடிச்சிட்டுது. கிறீஸும் தண்ணிக்கு நிக்கிற மறைன் கிறீஸ்தான் போடவேணும், சாதாரணம் கழுவுப்பட்டுப் போகும். லைற் எரியாட்டி பல்பை மாத்த முதல் எர்த் வயர் பூட்டின இடத்தைச் சுரண்டிப் பாருங்கோ, அனேகமா துருதான்.

போட்டில ஒரு சின்ன மூடியுள்ள டப்பா வையுங்கோ: ரெண்டு பிளக், பிளக் சாவி, சின்னக் குறடு, குளவிக்கூடு குத்த ஒரு துண்டுக் கம்பி, கிளிப்போட இன்னொரு சிவப்புக் கயிறு. அணியத்துக்க வையுங்கோ, பின்னுக்கு வைச்சா தண்ணி ஏறிடும்.