கிழிந்த ஸ்பீக்கரும் கொஞ்சம் காகிதமும்

1951 மார்ச். மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேல் பக்கமிருந்து ஒரு இசைக்குழு மெம்பிஸ் நகருக்குக் காரில் வந்து சேர்ந்தது. குழுத் தலைவர் ஐக் டர்னருக்கு அப்போது 19 வயது. சாம் ஃபிலிப்ஸின் சிறிய ஸ்டுடியோவில் இறங்கிப் பார்த்தால், கிட்டார்காரர் வில்லி கிஸார்ட்டின் ஆம்ப்ளிஃபயரில் ஸ்பீக்கர் கிழிந்திருந்தது. காரிலிருந்து விழுந்தது என்பார்கள், மழையில் நனைந்தது என்றும் ஒரு கதை உண்டு. ஃபிலிப்ஸ் கையில் கிடைத்த காகிதத்தைக் கசக்கி ஸ்பீக்கருக்குள் திணித்தார். கிட்டார் கரகரத்தது. வேறு யாராக இருந்தாலும் அந்தக் கிட்டாரை அடக்கி வாசிக்கச் சொல்லியிருப்பார்கள். இவருக்கோ அது சாக்ஸபோன் மாதிரி கேட்டது, முன்னால் கொண்டுவந்துவிட்டார். ‘ராக்கெட் 88’ அப்படிப் பதிவான பாட்டு.

அந்தக் கரகரப்பு எங்கிருந்து வந்தது? ஸ்பீக்கரின் கூம்பு வெறும் காகிதம்தான். அதன் அடியில் ஒட்டிய கம்பிச்சுருள், காந்தத்துக்கு நடுவே மின்சாரத்துக்கு ஏற்ப முன்னும் பின்னும் ஆடும், கூம்பும் கூடவே ஆடும். கிழிந்த கூம்பு அப்படிச் சொன்னபடி கேட்காது. கிழிசலின் ஓரங்கள் தனியாகப் படபடக்கும். மெதுவாக வாசித்தால் பெரிதாகத் தெரியாது. ஓங்கி மீட்டினால் கூம்பு போய்க் காகிதத்தில் இடிக்கும். வழவழப்பாக ஏறி இறங்க வேண்டிய அலை நடுவில் நெளிந்துவிடும். சாக்ஸபோனின் நாணல் பட்டையும் ஊதும் வாயில் இப்படித்தான் அடித்து அடித்து அலையை வெட்டுகிறது. ஃபிலிப்ஸின் காது ஏமாறவில்லை.

அலை நெளிந்தால் புதிய சுரங்கள் பிறக்கும். கிட்டாரின் தடித்த கம்பியை வெறுமனே மீட்டினால் நொடிக்குச் சுமார் 82 அதிர்வுகள். அதன் மடங்குகளான 164, 246, 328 எல்லாம் கம்பியிலேயே ஓரளவு இருக்கும். நெளிந்த அலையில் அவை பலமடைந்து, இன்னும் மேலே மேலே அடுக்கடுக்காகச் சேர்ந்துகொள்ளும்.

என்னைக் கேட்டால் சுவாரசியமே இதற்கு அப்புறம்தான். அந்தப் பாட்டில் கிஸார்ட் வாசிப்பது தாழ்ந்த சுரங்களில் திரும்பத் திரும்ப உருளும் ஒரு வரி. மேசை ரேடியோவின் உள்ளங்கை அகல ஸ்பீக்கரால் 82 அதிர்வை ஒழுங்காக எழுப்ப முடியாது. மடங்குகளை மட்டும் கொடுத்தால் போதும், அடிச்சுரத்தை மூளையே கணக்குப் போட்டுக் கேட்டுக்கொள்ளும். பழைய டெலிபோன் 300 அதிர்வுக்குக் கீழே எதையும் சரியாகக் கடத்தாது. ஆண் குரலின் அடிச்சுரமோ 120 பக்கம்தான். ஆனாலும் போனில் அப்பா குரல் அப்பா குரலாகத்தானே கேட்கிறது? கிழிந்த ஸ்பீக்கர் அந்தக் கிட்டார் வரிக்கும் இதே உபகாரத்தைச் செய்தது.

சிகாகோவின் செஸ் நிறுவனம் இசைத்தட்டை வெளியிட்டது. ஜூனில் அது அமெரிக்க இசைப் பத்திரிகையான பில்போர்டின் ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் முதலிடம். தட்டில் அச்சாகியிருந்ததோ பாடிய ஜாக்கி பிரென்ஸ்டனின் பெயர், கூடவே ‘டெல்டா கேட்ஸ்’ என்று இல்லாத ஒரு குழு. டர்னருக்கு அந்த ஆத்திரம் லேசில் தீரவில்லை. முதல் ராக் அண்ட் ரோல் பாட்டு இதுதானா என்ற சண்டையும் இன்னும் ஓய்ந்தபாடில்லை, அதை விட்டுவிடலாம்.

1962-ல் இந்தக் கரகரப்புக்கென்றே காலால் மிதிக்கும் பெட்டி கடைக்கு வந்தது. 1964-ல் லண்டனில் கிங்க்ஸ் இசைக்குழுவின் கிட்டார்காரர் டேவ் டேவிஸ், நன்றாக இருந்த ஸ்பீக்கரைப் பிளேடால் தானே கீறிக்கொண்டார்.