மூன்று பிள்ளைகள் இருந்தும் 'புஜாங்': எஸ்.டி.ஆர். பணம் எங்கே சிக்குகிறது?

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்த ஓர் அக்கா, தன் கணவரின் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். எஸ்.டி.ஆர். என்னும் மலேசிய அரசாங்க உதவிப் பணத்துக்கான விண்ணப்பம் 'லுலுஸ்', அதாவது ஏற்கப்பட்டதாக, ஆகியிருந்தது. வகை என்ற இடத்தில் 'புஜாங்', அதாவது திருமணமாகாதவர், என்று இருந்தது. கோயிலில் தாலி கட்டிப் பதினைந்து வருடம் ஆகிறது. மூன்று பிள்ளைகள், மூத்தவள் படிவம் இரண்டில் படிக்கிறாள். அரசாங்கப் பதிவில் மட்டும் அந்த அண்ணன் இன்னும் தனி ஆள். ஆண்டுக்கு 2,000 வெள்ளி (ரிங்கிட்) வர வேண்டிய வீட்டுக்குத் தனி ஆளுக்கான சிறு தொகைதான் வந்துகொண்டிருந்தது.

"எங்களுக்கு அவ்வளவுதான்னு நெனச்சுக்கிட்டோம்ணே" என்றார். இதே வார்த்தையை வேறு வேறு வாய்களில் கேட்டு அலுத்துப் போய்த்தான் இதை எழுதுகிறேன்.

பின்னணி ரொம்பத் தேவையில்லை. 2012இல் பிரிம் என்று தொடங்கியது, பெயர் பல முறை மாறி 2023 முதல் சும்பாங்கான் துனாய் ரஹ்மா ஆகிவிட்டது. நாம் எஸ்.டி.ஆர். என்கிறோம். விண்ணப்பத்தைப் பார்ப்பது வருமான வரி வாரியமான எல்.எச்.டி.என். அந்தப் பெயரைக் கேட்டே சிலர் பயந்து ஒதுங்குகிறார்கள். விண்ணப்பம் போட்டால் வரி கட்டச் சொல்ல மாட்டார்கள். பயப்படாமல் போடுங்கள். பணம் ஆண்டுக்கு நான்கு தவணையாக வரும்.

2025ஆம் ஆண்டுக் கணக்கு இது. குடும்ப வருமானம் மாதம் 2,500 வெள்ளிக்குள் இருந்தால், பிள்ளை இல்லாத தம்பதிக்கு 1,000, ஒன்று இரண்டு பிள்ளைகளுக்கு 1,500, மூன்று நான்குக்கு 2,000, ஐந்தும் அதற்கு மேலும் என்றால் 2,500. வருமானம் 2,501 முதல் 5,000 வரை என்றால் இதில் சரிபாதி. 60 வயது ஆகித் துணையில்லாமல் இருக்கும் பெரியவர்களுக்கு 600.

இதோடு சாரா என்று இன்னொன்று உண்டு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். சாரா கைக்குப் பணமாக வராது. மைகார்ட் என்னும் அடையாள அட்டையில் ஏறும், பதிவு செய்த கடையில் அரிசி, முட்டை, எண்ணெய், பள்ளிச் சாமான் போன்ற குறிப்பிட்ட பொருள்கள் மட்டும் வாங்கலாம். 2025 ஆகஸ்டு 31 முதல் 18 வயதும் அதற்கு மேலும் ஆன எல்லாக் குடிமக்களுக்கும் 100 வெள்ளி மைகார்டில் கொடுத்தார்கள் அல்லவா, அதை வைத்து "எனக்கும் எஸ்.டி.ஆர். வந்துடுச்சு" என்று நம்பி, விண்ணப்பமே போடாமல் இருந்த ஒரு பாட்டியைப் பார்த்தேன். அந்த 100 வேறு, எஸ்.டி.ஆர். வேறு.

எஸ்.டி.ஆர். ரொக்கமாக வருகிறது, எதற்குச் செலவழித்தாய் என்று யாரும் கேட்பதில்லை. தோட்டத்து வீட்டில் இதன் மதிப்பு பெரிது. சாரா அட்டையால் பள்ளி வேன் கட்டணம் கட்ட முடியாது. மோட்டார் டயர் மாற்ற முடியாது. டயர் மாறாவிட்டால் விடியற்காலையில் பெரட்டுக்குப் போக முடியாது, போகாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. கடைக்காரரின் 555 புத்தகத்தில் ஏறி நிற்கும் பாக்கியை அடைக்கவும் ரொக்கம்தான் வேண்டும். பாக்கி அடைந்தால்தான் அடுத்த மழைக்காலத்தில் பால்வெட்டு நின்று சம்பளம் குறையும்போது அவர் மறுபடி கடன் கொடுப்பார். எந்த ஓட்டையை முதலில் அடைப்பது என்று அந்த வீட்டுப் பெண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு எந்த அதிகாரிக்கும் தெரியாது.

"காசைக் கொடுத்தா சம்சுவுக்குத்தான் போகும்" என்று நம்மவர்களே பேசுகிறார்கள். குடிக்கிறவன் எஸ்.டி.ஆர். வந்தாலும் வராவிட்டாலும் குடிக்கிறான். உலக வங்கி ஆய்வாளர்கள் இருவர் 2014இல் பல நாடுகளில் நடந்த 19 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். உதவிப் பணம் கிடைத்ததால் மதுவுக்கும் புகையிலைக்கும் செலவு கூடியதாகத் தெரியவில்லை என்பதே அவர்கள் கண்டது. இந்தப் பேச்சை இனி நம் கோயில் மண்டபங்களிலாவது நிறுத்துவோம்.

சரி, சிக்கல்களுக்கு வருகிறேன்.

முதலாவதும் பெரியதும் திருமணப் பதிவு. தாலி கட்டியதும் ஊர் சாப்பிட்டதும் அரசாங்கத்துக்குத் தெரியாது. 1982 மார்ச் 1 முதல் நம்மைப் போன்ற முஸ்லிம் அல்லாதவர்கள் திருமணத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும். இத்தனை வருடம் ஆகியும் தோட்டங்களில் பதியாத ஜோடிகள் இருக்கிறார்கள். பதியாவிட்டால் கணவன் தனி ஆள், மனைவி தனி ஆள். பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயரும் இல்லையென்றால், அப்பா போடும் விண்ணப்பத்தில் அந்தப் பிள்ளையைக் கணக்குக் காட்ட வழியில்லை. இப்படி இருக்கும் வீட்டில், பதிவு முடியும் வரை விண்ணப்பத்தைத் தாயின் பெயரில், பிள்ளைகளின் பத்திரத்தோடு போடுவது நல்லது.

பதிவு செய்ய ஜே.பி.என். என்னும் தேசியப் பதிவுத் துறை அலுவலகத்துக்குப் போகலாம், அல்லது பதிவு அதிகாரி இருக்கும் கோயிலில் கேட்கலாம். விண்ணப்பம் கொடுத்து 21 நாள் காத்திருக்க வேண்டும், இரண்டு சாட்சிகள் வேண்டும். இத்தனை வயதில் என்ன கல்யாணப் பதிவு என்று வெட்கப்படாதீர்கள். மேலே சொன்ன அக்காவும் அப்படித்தான் தயங்கினார். முதல் முறை போனபோது ஓர் அலுவலக முகப்பில் "பேரன் எடுக்கிற வயசுல கல்யாணமா" என்ற பொருளில் ஏதோ சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். அவருக்கு வயது 36. அழுதுகொண்டே வீடு திரும்பியவரை மறுபடி கூட்டிப் போக இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதத்தில் ஒரு தவணை கைநழுவிப் போனது.

அடுத்தது வருமானக் கோடு. 2,500ஐ ஒரு வெள்ளி தாண்டினாலும் தொகை பாதியாகிவிடும். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு 2,000 வெள்ளி 1,000 ஆகிவிடும். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. கணவன் மனைவி இருவரும் முழு மாதம் வேலை செய்தால் 3,400. ஆகவே இருவரும் உழைக்கிற வீடு பாதித் தொகைப் பிரிவில் விழுகிறது. இது நியாயமா என்று கேட்டால், நியாயமில்லை என்றுதான் நான் சொல்வேன். ஆனால் விதி அப்படி. பொய் எழுதாதீர்கள், இ.பி.எஃப். சேமநிதிக் கணக்கை அவர்களால் பார்க்க முடியும்.

பொய் எழுதுகிறவர்களைவிட, தெரியாமல் கூட்டி எழுதி ஏமாறுகிறவர்களே அதிகம். எஸ்.டி.ஆரில் குடும்ப வருமானம் என்பது விண்ணப்பிக்கிறவர், அவருடைய துணை, இந்த இருவரின் வருமானம்தான். கூடவே இருந்து ஃபேக்டரி வேலைக்குப் போகும் மகனின் சம்பளத்தைச் சேர்க்காதீர்கள். 21 வயது ஆகியிருந்தால் மகன் தன் பெயரில் தனியாக விண்ணப்பம் போடலாம். நல்ல மாதத்தில் வந்த ஓவர்டைம் சம்பளத்தை எல்லா மாதத்துக்கும் எழுதிவிடாதீர்கள். மனைவி வேலையை விட்டுவிட்டாலோ, கணவருக்கு அடிபட்டு வீட்டில் இருந்தாலோ, வருமானம் மாறியதைப் பதிவில் திருத்தி 'கெமாஸ்கினி' செய்யுங்கள். நீங்களாகப் போய்ச் சொல்லாவிட்டால் பழைய சம்பளமே பதிவில் நிற்கும்.

கணவர் விட்டுப் போன பெண்களின் நிலைமைதான் எனக்கு மனது கேட்காத ஒன்று. அவர் வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு இருப்பார். பதிவில் இவர் இன்னும் அவருடைய மனைவி, பிள்ளைகளும் அவர் கணக்கில். பணம் அவர் வங்கிக்குப் போகும், வயிறுகள் இங்கே இருக்கும். "அவர் வர்றதில்லைங்க" என்று முகப்பில் வாயால் சொன்னால் ஏற்கமாட்டார்கள். தாள் வேண்டும். போலீஸ் ரிப்போர்ட் ஒன்று உடனே எழுதி வையுங்கள். அப்புறம் சட்ட உதவித் துறைக்குப் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு விவாகரத்து, ஜீவனாம்ச வழக்குகளை அவர்கள் நடத்திக் கொடுக்கிறார்கள். சுங்கை சிப்புட் பக்கத்தவர்கள் ஈப்போவில் உள்ள அலுவலகத்துக்குப் போகலாம். ஒரு நாளில் முடியாது என்று தெரிந்தே போங்கள், பாதியில் விடாதீர்கள்.

இனி வங்கி. கணக்கு உங்கள் பெயரில், உங்கள் மைகார்ட் எண்ணில், உயிரோடு இருக்க வேண்டும். ஒரு வருடமாக எதுவும் போடாமல் எடுக்காமல் கிடந்த கணக்கை வங்கி முடக்கிவிடும், பணம் போய்ச் சேராமல் போகலாம். கணக்கே இல்லாதவர்களுக்கு பி.எஸ்.என். வங்கியில் ரொக்கமாகக் கொடுப்பார்கள், மைகார்டோடு நேரில் போக வேண்டும். 'லுலுஸ்' என்று காட்டியும் பணம் வரவில்லையென்றால் முதலில் பி.எஸ்.என்.னில் கேளுங்கள், பணம் அங்கே உங்களுக்காகக் காத்துக்கிடக்கலாம்.

உரிமம் இல்லாத வட்டிக்காரனான ஆ லோங்கிடம் ஏ.டி.எம். கார்டைக் கொடுத்தவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். கார்டும் ரகசிய எண்ணும் அவனிடம் இருந்தால், எஸ்.டி.ஆர். விழுந்த அன்று காலையிலேயே எடுத்துவிடுவான். அடுத்த தவணைக்கு முன்பே வேறு வங்கியில் கணக்குத் திறந்து, விண்ணப்பத்தில் கணக்கு எண்ணை மாற்றுங்கள். கடனை அடைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளுக்காக வந்த பணம் உங்கள் கையைத் தொட்டுவிட்டுப் போகட்டும் என்கிறேன். உரிமம் பெற்ற வட்டிக்காரர் அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக்கூடாது என்பது சட்டம். உங்களிடம் வாங்குவது மாதத்துக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

'எகாசே' என்று நாம் சொல்லும் இ-காசே பட்டியலைப் பற்றி யாரும் தோட்டத்துக்கு வந்து சொல்வதில்லை. எஸ்.டி.ஆர். கிடைத்தால் இதிலும் தானாகப் பெயர் ஏறிவிடும் என்பது தப்பான நம்பிக்கை. அது வறிய குடும்பங்களுக்கான தனிப் பதிவு. மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும், அதிகாரிகள் வீட்டைப் பார்க்க வருவார்கள். 2025 ஏப்ரலிலிருந்து அந்தப் பட்டியலில் உள்ள குடும்பத்துக்கு சாரா மாதம் 200 வெள்ளி. 2025இல் எஸ்.டி.ஆரும் சாராவும் சேர்த்து அதிகபட்சம் 4,600 என்று செய்தியில் படித்தோமே, அது இந்தக் குடும்பங்களுக்குத்தான். லயத்து வீடு தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தம், அதனால் எங்களைச் சேர்க்கமாட்டார்கள் என்று சிலர் போகாமலே இருக்கிறார்கள். வீடு யாருடையது என்பதைவிட உங்கள் வீட்டு வருமானம் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கு, அதாவது சிவப்பு ஐ.சி. உள்ளவர்களுக்கு, எஸ்.டி.ஆர். இல்லை. மனைவிக்குச் சிவப்பு, கணவருக்கு நீலம் என்றால் கணவர் பெயரில் போடுங்கள்.

அலுவலகத்துக்குப் போகும் நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாதம் 1,700 வெள்ளிக்காரர் ஒரு நாள் வேலையை விட்டால் 65 வெள்ளி போகிறது, பஸ் காசு தனி. "சிஸ்டம் இல்ல, நாளைக்கு வாங்க" என்று சொல்கிறவருக்கு அந்த 65 வெள்ளி தெரியாது. ஆகவே ஒரே நடையில் முடிக்கும் மாதிரி போங்கள். இருவரின் மைகார்ட், திருமணப் பத்திரம், எல்லாப் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு நகல். சம்பளச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள், கிராணியிடம் மறுபடி வாங்குவதற்குள் நாள் பல போய்விடும். "இது எங்க வேலை இல்ல, வேற இடம் போங்க" என்றால், எந்த இடம், எந்தப் பிரிவு, என்ன தாள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதச் சொன்னதும் பாதிப் பேர் அங்கேயே முடித்துக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

சாதாரண விண்ணப்பத்துக்கு அலுவலகமே தேவையில்லை. பக்கத்தில் 'நாடி' இணைய மையம் இருந்தால் அங்கே உட்கார்ந்து போடலாம். விண்ணப்பம் இலவசம். யாராவது காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் "எஸ்.டி.ஆர். பணம் தயார், இதை அழுத்துங்கள்" என்று வரும் எதையும் தொடாதீர்கள். விண்ணப்பத்தில் உங்கள் சொந்தக் கைப்பேசி எண்ணையே கொடுங்கள். உதவி செய்தவரின் எண்ணைக் கொடுத்துவிட்டு, பின்னால் தங்கள் கணக்குக்குள்ளேயே நுழைய முடியாமல் நிற்பவர்கள் வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் வருகிறார்கள்.

'திடாக் லுலுஸ்', அதாவது ஏற்கப்படவில்லை, என்று வந்தால் அதன் கீழே காரணமும் இருக்கும். அதைத் திரையோடு படம் பிடித்துக்கொள்ளுங்கள். வருமானம் அதிகம் என்கிறதா, துணையின் விவரம் பொருந்தவில்லை என்கிறதா, அந்தக் காரணத்துக்கான தாளை மட்டும் சேர்த்து 'ரயுவான்', அதாவது மேல்முறையீடு, போடுங்கள். அதற்குக் குறித்த நாள் உண்டு, அது முடிந்தால் அடுத்த வாய்ப்பு வரும் வரை காத்திருக்க வேண்டியதுதான். படிக்கத் தெரியாவிட்டால் உங்கள் வீட்டில் தேசிய மொழி படிக்கும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, இன்றைக்கே திறந்து பாருங்கள்.