பழைய எக்ஸ்ரே படத்தையும் எடுத்து வாருங்கள்

"நெஞ்சில் நிழல் இருக்கிறது" என்ற அறிக்கையுடன் வருபவர்களிடம் எங்கள் கதிரியக்கத் துறையில் முதலில் கேட்பது, பழைய படம் ஏதேனும் இருக்கிறதா என்பதைத்தான். காசநோய் பரவலாக உள்ள நம் நாட்டில், என்றோ வந்து ஆறிய நோயின் தழும்பு நுரையீரலின் மேற்பகுதியில் ஆயுள் முழுவதும் தங்கிவிடும். ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு அது பழைய தழும்பா, புதிதாக வந்த நோயா என்று சொல்வது அனுபவம் உள்ளவர்களுக்கே கடினம். நுரையீரலில் திடமான சிறு முடிச்சு ஒன்று இரண்டு ஆண்டுகளாக அளவு மாறாமல் இருந்தால், அது புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. அலமாரியில் கிடக்கும் பழைய படமே பல நேரங்களில் சி.டி. ஸ்கேனைத் தவிர்த்துவிடுகிறது. (படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது இதற்குப் பயன்படாது.)

நெஞ்சு எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு சுமார் 0.1 மில்லிசீவர்ட் (உடல் பெறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) அல்லது அதற்கும் குறைவு. வழக்கமான நெஞ்சு சி.டி.யில் அது சுமார் 6. இயற்கையிலிருந்து நாம் பெறுவதோ உலக சராசரியில் ஆண்டுக்குச் சுமார் 2.4 முதல் 3 வரை. தேவையான சி.டி.யை இதற்குப் பயந்து மறுக்க வேண்டியதில்லை. தேவையற்றதைக் கேட்டு வாங்கவும் கூடாது.

படம் எடுக்கும் விதமும் முக்கியம். "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க" என்று டெக்னீஷியன் சொல்லும்போது பாதி மூச்சோடு நின்றால், இதயம் பெரிதாகவும் நுரையீரலின் அடிப்பகுதி வெளுத்தும் தெரியும். தோளில் விழுந்த பின்னல், காசநோய் விரும்பிக் குடியேறும் அதே மேற்பகுதியில் நிழலாக விழுவதுண்டு. சங்கிலியைக் கழற்றச் சொல்வதும் கூந்தலைத் தூக்கிக் கட்டச் சொல்வதும் இதனால்தான்.

நெஞ்சுப் படங்களை வைத்து ஆராய்ச்சி செய்வது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சென்னை சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், வீட்டிலிருந்தே மருந்து உட்கொண்டவர்களைச் சானடோரியத்தில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டு, வீட்டுச் சிகிச்சையும் பலன் தருவதை உலகுக்குக் காட்டியது. யார் எங்கே சிகிச்சை பெற்றார் என்பது தெரியாத ஒருவரே எக்ஸ்ரே படங்களை மதிப்பிட்டார். 2019–21 தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பிலோ, எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறிகளை மட்டும் கேட்டிருந்தால், கண்டறியப்பட்ட காசநோயாளிகளில் 42.6 சதவீதத்தினர் தவறியிருப்பார்கள்.

காசநோயைக் கண்டறியும் முதற்கட்டச் சோதனையில், 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் படங்களைக் கணினி மென்பொருளே படிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது. ஆனால் ஒருமுறை காசநோய் வந்து குணமானவரின் தழும்பைக் கண்டால் மென்பொருளும் தடுமாறுகிறது. சளிப் பரிசோதனைதான் உறுதி செய்ய வேண்டும். எங்களைப் போன்ற கற்பிக்கும் மருத்துவமனைகளில் சேரும் படங்கள், குறிப்பாக ஒரே நபருக்குப் பல ஆண்டுகளில் எடுத்தவை, இத்தகைய மென்பொருளைச் சோதிக்கும் ஆய்வுகளுக்கு அரிய பொருள். பெயரும் அடையாளமும் நீக்கப்பட்ட பிறகு, நெறிமுறைக் குழுவின் அனுமதியோடுதான் அவற்றைப் பயன்படுத்த வேண்டும். ஆய்வில் சேரும்படி உங்களிடம் ஒப்புதல் கேட்டால், நீங்கள் மறுக்கலாம். அதனால் உங்கள் சிகிச்சையில் எந்த மாற்றமும் இருக்கக் கூடாது.