பானெட்டில் ஒரு மூக்கு: பழைய காருக்குக் குளிர்ந்த காற்று

பழைய கார்களின் பானெட் மீது மூக்கு மாதிரி துருத்திக்கொண்டிருக்கும் காற்று வாயைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல வெறும் அலங்காரம்தான். உள்ளே தகடு அடைத்திருக்கும். பேர்பெற்ற பான்டியாக் ஜிடிஓ கூட 1964-இல் அப்படித்தான் வந்தது. 1965 மாடலுக்குத்தான் வாயைத் திறந்து, காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்பரேட்டரோடு இணைக்கும் கிட் டீலர்களிடம் கிடைத்தது.

சரி, திறந்துவிட்டால் என்ன லாபம்? கார் வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று இன்ஜினுக்குள் திணிக்கப்படும் என்பது பலரின் எண்ணம். கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்று தரும் அழுத்தம் ஏறத்தாழ 460 பாஸ்கல். வளிமண்டல அழுத்தமோ 1,01,325 பாஸ்கல். அரை சதவீதம்கூட இல்லை! 160 கி.மீ. வேகத்திலும் 1.2 சதவீதத்தைத் தாண்டாது.

லாபம் வெப்பநிலையில் இருக்கிறது. ரேடியேட்டரைக் கடந்து வரும் சூடான காற்று, புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் தகிப்பு எல்லாம் சேர்ந்து பானெட்டுக்குள் 60 டிகிரி இருப்பது சாதாரணம். வெளியே 25 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 25 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை 1.18 கிலோ, 60 டிகிரியில் 1.06 கிலோ. அதாவது ஒவ்வொரு மூச்சிலும் பத்து சதவீத ஆக்ஸிஜன் குறைகிறது. அதற்காகக் குளிர்ந்த காற்றைக் கொடுத்ததும் திறன் பத்து சதவீதம் கூடிவிடாது. உள்ளே போகும் வழியில் சூடான இன்டேக் மேனிஃபோல்டும் (காற்றை சிலிண்டர்களுக்குப் பிரித்தனுப்பும் குழாய்) சிலிண்டர் சுவரும் அதைச் சூடாக்கிவிடுகின்றன. அதனால்தான் இன்ஜின் சோதனைத் தரங்களில் (கெல்வினில் அளந்த) வெப்பநிலையை நேரடியாக எடுக்காமல் அதன் வர்க்கமூலத்தை எடுக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் ஐந்து, ஆறு சதவீதம் தேறும். 150 குதிரைத்திறன் இன்ஜினுக்கு எட்டுக் குதிரைகள். அதுவும் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது மட்டும். சாவகாசமாக ஓட்டுபவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. முழு மிதியில் இன்னொரு நன்மை உண்டு: உள்ளே போகும் காற்று குளிர்ந்திருந்தால் இன்ஜின் 'நாக்' அடிப்பது, அதாவது கலவை தாறுமாறாக வெடித்துத் தட்டும் சத்தம், குறையும்.

ஆகவே பெட்டி மாதிரியான பழைய ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு, பளபளக்கும் கூம்பு ஃபில்டரைத் திறந்தபடி மாட்டுவது, என்னைக் கேட்டால், காசு கொடுத்து வெந்நீர்க் குளியல் போடுவது போல. சத்தம் கூடும், இன்ஜின் குடிப்பது அதே சூடான காற்றைத்தான்.

காற்றை எடுக்க நல்ல இடங்கள் மூன்று: முன் கிரில்லில் ரேடியேட்டருக்குப் பக்கவாட்டில், முன் கண்ணாடியின் அடிப்பகுதியில், அங்கே எதிர்க்காற்று தேங்கி அழுத்தம் சற்றுக் கூடுதலாக இருக்கும், மூன்றாவது பானெட் மூக்கு. மூக்கில் ஒரு சிக்கல். தகட்டை ஒட்டி ஓடும் காற்று மந்தமானது, பின்னால் போகப் போக அந்த மந்தப் படலம் தடிமனாகும். மூக்கு அதற்கு மேலே உயர்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பானெட்டின் முன்விளிம்பை ஒட்டி இருக்க வேண்டும்.

வாயை எங்கே வைத்தாலும் ஃபில்டர் வரை வழியில் சூடான காற்று நுழைய இடைவெளி இருக்கக் கூடாது. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். இன்ஜின் ரப்பர் மவுண்ட் மேல் ஆடும், பானெட் ஆடாது. இரண்டுக்கும் நடுவில் மெத்தென்ற ஃபோம் வளையம் வேண்டும். 1969 ஃபோர்டு மஸ்டாங்கின் 'ஷேக்கர்' வேறு வழியில் போனது: மூக்கை இன்ஜின் மேலேயே பொருத்தி, பானெட்டில் ஓட்டை போட்டு வெளியே நீட்டிவிட்டார்கள். இன்ஜினோடு சேர்ந்து அது குலுங்கியது. பெயரும் அப்படி வந்ததுதான்.

குழாயின் அளவும் முக்கியம். 5 லிட்டர் இன்ஜின் 5,000 சுற்றில் நிமிடத்துக்குச் சுமார் 10,000 லிட்டர் காற்றைக் குடிக்கும். 100 மி.மீ. குழாயில் அது விநாடிக்கு 21 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. அந்த வேகத்தில் குழாய்ச் சுவர் காற்றைச் சூடாக்க நேரமே கிடைப்பதில்லை. ஆகவே குழாய் பிளாஸ்டிக்கா உலோகமா என்ற சண்டை வீண். வளைவுகளைக் குறைப்பதுதான் பலன் தரும்.

அப்புறம் கார்பரேட்டர். அடர்ந்த காற்று வந்தாலும் பெட்ரோல் அதே விகிதத்தில் கூடாது. கலவை ஐந்து சதவீதம் போல மெலிந்துவிடும். ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைப் பார்த்து ஜெட்டை (பெட்ரோல் வரும் சிறு துளை) ஓர் அளவு பெரிதாக்க வேண்டி வரலாம். குளிர்காலத்தில் வேறொரு தொல்லை: பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சுவதால், ஈரக்காற்று கார்பரேட்டருக்குள் பனிக்கட்டியாக உறையும். அதைத் தடுக்கத்தான் பழைய ஏர் கிளீனர்களில் எக்ஸாஸ்ட் பக்கமிருந்து சூடான காற்றை இழுக்கும் தானியங்கிக் கதவு இருந்தது. குளிர் நாட்டில் ஓட்டுபவர்கள் அதைப் பிடுங்கிப் போட்டுவிட வேண்டாம். மழைநீர் வடிய அடியில் ஒரு துளையும் அவசியம். தண்ணீர் அமுங்காது, சிலிண்டருக்குள் நிரம்பினால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

முடித்தபின் ஏர் கிளீனருக்குள் தெர்மாமீட்டரின் முனையைச் செருகி, சீட்டிலிருந்தே பார்க்கும்படி வைத்து ஒரு சுற்று போய் வாருங்கள். நிற்கும்போது எண் ஏறும், பரவாயில்லை. ஓட ஆரம்பித்து இரண்டு நிமிடத்தில் அது வெளி வெப்பநிலைக்குப் பக்கத்தில் வராவிட்டால், ஃபோம் வளையத்தில் எங்கோ இடைவெளி இருக்கிறது.